திரை சொல்வதும் கருவி செய்வதும்: வாசகர் கேள்வி – பதில்

பொத்தான்களும் திரைகளும் கொண்ட மென்பொருளைக் கணித முறையில் விவரித்து, அது பயனரை ஏமாற்றாது என்று நிறுவவும் முடியும் என இப்பகுதியில் முன்பு ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு, இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவள். பயனர்களை நேரில் சந்தித்து, அவர்கள் தடுமாறும் இடங்களைக் கவனித்துத் திருத்துவதே என் வேலை. மென்பொருளைக் கணிதக் குறியீடுகளால் எழுதும் ‘ஃபார்மல் மெத்தட்ஸ்’ இதற்கு நேர் எதிர்த் திசையில் அல்லவா நிற்கிறது?

பதில்: இரண்டும் வெவ்வேறு ஆட்களின் வேலை என்னும் எண்ணம் இத்துறைக்குள்ளேயே நெடுங்காலம் இருந்ததால், தங்கள் ஐயத்தில் வியப்பில்லை. ஆயினும் பயனரின் குறையைக் கேட்டுச் செய்த ஒரு நல்ல திருத்தம், சரிபார்ப்பு இல்லாமையால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு வேண்டி நிற்கின்றன என்பது புரியும்.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் இயந்திரம். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதனால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பெற்றனர். அவர்களுள் சிலர் இறந்தனர். சிகிச்சை விவரங்களை இயந்திரத்தின் அருகில் ஒருமுறையும் கணினியில் மறுமுறையும் உள்ளிடுவது நேரத்தை விழுங்குகிறது என்று இயக்குநர்கள் முறையிட்டதால், என்டர் விசையை அழுத்தினாலே முந்தைய மதிப்புகள் நகலாகும்படி மென்பொருள் மாற்றப்பட்டது. இன்றைய எந்தப் பயனர் ஆய்வும் பாராட்டக்கூடிய மாற்றம் இது. பழகப் பழக இயக்குநர்களின் விரல்கள் வேகமெடுத்தன. இயந்திரத்தின் காந்தங்கள் தம்மைச் சரிசெய்துகொள்ள ஏறத்தாழ 8 விநாடிகள் ஆகும். எக்ஸ்-கதிருக்கான எழுத்தைத் தவறாகத் தட்டிய ஒருவர், மேலே சென்று அதை எலெக்ட்ரான் கதிராகத் திருத்தி, அந்த 8 விநாடிகளுக்குள் கீழே வந்துவிட்டால், திரை திருத்திய மதிப்பைக் காட்டும். இயந்திரத்தின் ஒரு பகுதியோ பழைய மதிப்பிலேயே நிற்கும். 180 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெற வேண்டிய ஒரு நோயாளி 16,500 முதல் 25,000 ராட் வரை பெற்றிருக்கக்கூடும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அப்போது திரையில் தோன்றியது ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற செய்தி மட்டுமே. பயனருக்கு அது எதையும் விளக்கவில்லை. ஒரே விசையை அழுத்தினால் சிகிச்சை தொடர்ந்துவிடும் என்பதும் அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

நிதானமாகத் தட்டுபவரை அருகிலிருந்து எத்தனை நாள் கவனித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. “திரையில் உள்ள மதிப்பும் இயந்திரத்தில் உள்ள மதிப்பும் வேறுபட்டிருக்கும்போது கதிர் பாயும் வரிசை ஏதேனும் உண்டா?” என்று எல்லா விசை வரிசைகளையும் நோக்கிக் கேட்கும் முறை ஒன்று வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பதும் விடை பெறுவதும் கணிதத்தின் வேலை. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று கண்டுபிடிப்பது தங்களைப் போன்றோரின் வேலை.

கேள்வி: குறியீடுகள் இல்லாமல், ஒரு சிறு எடுத்துக்காட்டால் இது எப்படி நடக்கிறது என்று சொல்ல முடியுமா?

பதில்: நோயாளிக்குக் குழாய் வழியாக மருந்து செலுத்தும் பம்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் வேகம், மொத்த அளவு என இரண்டு புலங்கள். ஒரு புலத்திலிருந்து மற்றதற்கு மாற ஒரு பொத்தான். எண்ணை ஏற்றவும் இறக்கவும் இரண்டு அம்புகள். தொடங்கவும் நிறுத்தவும் ஒன்று. வேகம் 0 முதல் 999 வரை, அளவும் 0 முதல் 999 வரை.

முதற்படி, கருவி எந்தெந்த நிலைகளில் இருக்க முடியும் என்று எழுதுவது. வேகத்துக்கு 1,000 மதிப்புகள், அளவுக்கு 1,000, தேர்ந்தெடுத்த புலம் இரண்டில் ஒன்று, ஓடுகிறதா நிற்கிறதா என்பது இரண்டில் ஒன்று. பெருக்கினால் 40 லட்சம் நிலைகள். இரண்டாம் படி, ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு பொத்தானும் கருவியை எந்த நிலைக்குக் கொண்டுசெல்லும் என்று எழுதுவது. 40 லட்சம் வரிகள் எழுத வேண்டியதில்லை, “ஓடாதபோது மேல் அம்பு, தேர்ந்தெடுத்த புலத்தின் எண்ணை ஒன்று கூட்டும், 999 ஆனால் அங்கேயே நிற்கும்” என்பது போன்ற சில விதிகள் போதும். மூன்றாம் படியைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: ஒவ்வொரு நிலையிலும் திரையில் என்ன தெரியும் என்பதையும் எழுதுவது. கருவியின் நிலை வேறு, பயனர் காணும் திரை வேறு. இவ்விரண்டையும் தனித்தனியே எழுதினாலன்றி, திரை உண்மையைச் சொல்கிறதா என்ற கேள்வியையே எழுப்ப முடியாது.

இனி, நமக்கு வேண்டிய பண்பை ஒரு வாக்கியமாகச் சொல்வோம்: திரை ஒன்றுபோலத் தோன்றும் எந்த இரு நிலைகளிலும் ஒரே பொத்தான் ஒரே விளைவைத் தர வேண்டும். இதை மாடல் செக்கர் என்னும் மென்பொருளிடம் கொடுத்தால், தொடக்க நிலையிலிருந்து எட்டக்கூடிய எல்லா நிலைகளையும் அது தேடிப் பார்க்கும். பண்பு எங்கும் மீறப்படவில்லை என்றால் அப்படியே சொல்லும். மீறப்பட்டால், மீறலுக்கு இட்டுச்செல்லும் விசை வரிசையை ஒன்றுவிடாமல் எழுதிக் காட்டும். நம் பம்பில் அலாரம் ஒன்றைச் சேர்த்து, அதை அணைத்தபின் திரையில் எண் மட்டும் மீள்கிறது, புலத்தின் பெயர் மீள்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். செக்கர் தரும் வரிசை இப்படி இருக்கும்: வேகத்தை 100 ஆக்கு, அளவையும் 100 ஆக்கு, அலாரம் அடிக்கிறது, அணை, மேல் அம்பை அழுத்து. அம்பை அழுத்தும் முன் திரையில் இருப்பது வெறும் 100. கூடியது வேகமா அளவா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இத்தகைய எதிர் எடுத்துக்காட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிரலரிடம் பேசுவதற்கும், “பயனர்கள் சற்றுக் குழம்புகிறார்கள்” என்று பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்களே ஒருமுறை செய்து பார்த்தால் உணர்வீர்கள்.

இது வெறும் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான பம்புகளின் எண் உள்ளீட்டை இம்முறையில் ஆராய்ந்தவர்கள் கண்ட குறைகளுள் ஒன்று: 100க்குக் கீழ்ப்பட்ட எண்களில் பதின்மப் புள்ளியை ஏற்கும் கருவி, 100ஐத் தொட்டபின் அதைச் சத்தமின்றிப் புறக்கணிக்கிறது. 100.1 என்று அழுத்தியவருக்கு 1001 கிடைக்கும். பத்து மடங்கு மருந்து.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவு மாதக்கணக்கில் சோதிக்கிறது. அதற்கு மேலும் இது எதற்கு?

பதில்: சோதனை, பிழை இருப்பதைக் காட்டும், இல்லாமையைக் காட்டாது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். பத்துப் பொத்தான்கள் உள்ள கருவியில் எட்டு அழுத்தங்கள் கொண்ட வரிசைகள் மட்டும் 10 கோடி. எந்தப் பிரிவும் அவற்றுள் ஒரு சிறு பகுதியைத்தான் தொடும். அதுவும் ஒழுங்காகப் பயன்படுத்துபவர் தொடும் பகுதியாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனாலும் டெஸ்டிங் பிரிவைக் கலைத்துவிட வேண்டாம். கணிதத்தில் எழுதிய மாதிரியில் சரியாக இருப்பது நிரலில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டும்.

கேள்வி: பயனருக்கு நன்மை தரும் பண்புகள் என்று எவற்றைச் சரிபார்க்கிறார்கள்? பட்டியல் ஏதேனும் உண்டா?

பதில்: 1985இல் ஆலன் டிக்ஸும் காலின் ரன்சிமனும் முன்வைத்த ‘பை’ (PIE) மாதிரி இதற்கு நல்ல தொடக்கம். பயனர் கொடுக்கும் கட்டளை வரிசை, அதை இயந்திரம் பொருள்கொள்ளும் விதம், அதனால் ஏற்படும் விளைவு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இப்போது காண்பதிலிருந்து அடுத்து நடப்பதைக் கணிக்க முடியுமா, எந்த நிலையிலிருந்தும் விரும்பிய நிலைக்குப் போக வழி உண்டா என்பன போன்ற கேள்விகளைத் துல்லியமாகக் கேட்க அது வழி செய்தது. காலத்தை உள்ளடக்கிய கூற்றுகளை எழுத 1977இல் அமீர் ப்னூயெலி கணினித் துறைக்குக் கொண்டுவந்த காலத் தருக்கம் உதவுகிறது. “எந்த நிலையை அடைந்தாலும் அங்கிருந்து முகப்புத் திரைக்கு ஒரு வழி எப்போதும் உண்டு” என்பதை, பின்னர் வந்த அதன் கிளைக்கால வடிவத்தில் (எதிர்காலம் பல வழிகளாகப் பிரியக்கூடும் என்று கொள்வது) ஒரே வரியில் எழுதலாம். அத்தகைய வரிகளைக் கணினியே தேடிச் சரிபார்க்கும் மாடல் செக்கிங் முறை 1980களின் தொடக்கத்தில் உருவாயிற்று. அதற்காக எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசப் சிஃபாகிஸ் மூவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2007ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது.

பட்டியலைவிட, ஒரே ஒரு பண்பைக் கூர்ந்து பார்ப்பது பயன் தரும் என்பது என் கருத்து. ‘அண்டூ’ பொத்தானை எடுத்துக்கொள்வோம். வடிவமைப்புக் கூட்டத்தில் இரண்டு விதிகள் எழுதப்படுகின்றன. எந்தக் கட்டளைக்குப் பின் அண்டூவை அழுத்தினாலும் அதற்கு முன்பிருந்த நிலை அப்படியே திரும்ப வேண்டும்; அண்டூவும் ஒரு கட்டளையே ஆதலால், அதையும் அண்டூவால் திருப்ப முடிய வேண்டும். இரண்டும் நியாயமானவையாகத் தோன்றுகின்றன. தேவை ஆவணத்தில் யாரும் மறுப்பின்றிக் கையெழுத்திடுவார்கள்.

இப்போது வெற்றுத் தாளில் ‘க’ என்று தட்டுங்கள். அண்டூ: வெற்றுத் தாள். மீண்டும் அண்டூ: முந்தைய அண்டூ ரத்தாகி ‘க’ திரும்புகிறது. ஆகவே வெற்றுத் தாள் நிலையில் அண்டூவின் விளைவு ‘க’. அதே வெற்றுத் தாளில் ‘ம’ தட்டி இருமுறை அண்டூ அழுத்தினால், அதே வாதப்படி, வெற்றுத் தாள் நிலையில் அண்டூவின் விளைவு ‘ம’. நிலை ஒன்று, பொத்தான் ஒன்று. ஆகவே விளைவும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அப்படியானால் ‘க’வும் ‘ம’வும் ஒன்றே என்று ஆகிறது. இரண்டு விதிகளும் ஒருசேர உண்மையாக இருக்க வேண்டுமென்றால் அந்த மென்பொருளுக்கு இரண்டு நிலைகளுக்கு மேல் இருக்க முடியாது. விளக்கு ஸ்விட்சுக்குப் பொருந்தும், எழுதும் மென்பொருளுக்குப் பொருந்தாது.

இதிலிருந்து தப்பும் வழியும் வாதத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘வெற்றுத் தாள் நிலை ஒன்றே’ என்பதுதான் பலவீனமான கண்ணி. கண்ணுக்குத் தெரியும் தாள் ஒன்றாக இருந்தாலும், கடந்துவந்த கட்டளைகளை இயந்திரம் உள்ளே நினைவில் வைத்திருந்தால் நிலைகள் வேறாகிவிடும். அப்போது முதல் விதி உடைகிறது: திரும்புவது தாள் மட்டுமே, இயந்திரத்தின் முழு நிலையன்று. பெரும்பாலான மென்பொருள்கள் இந்த வழியைத் தேர்ந்து, ‘ரீடூ’ என்று தனிப் பொத்தான் வைத்து, அண்டூவைக் கட்டளைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டன. எது திரும்ப வேண்டும், எது திரும்ப வேண்டாம் என்பதைப் பயனரோடு பேசித் தீர்மானிக்க வேண்டிய இடம் இதுவே. அது இங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது நான்கு வரி வாதம்.

கேள்வி: எடுத்துக்காட்டுகள் சிறியவை. உண்மையான மென்பொருளில் நிலைகள் எண்ணிலடங்காதவை அல்லவா?

பதில்: ஆம், இதை நிலைவெடிப்பு என்பார்கள், இத்துறையின் நிரந்தரத் தலைவலி இதுதான். நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் தொகுதி தொகுதியாகக் குறியீட்டில் கையாளும் உத்தி 1990 வாக்கில் வந்தபோது, 10இன் 20ஆம் அடுக்கு அளவிலான நிலைகளைக் கொண்ட அமைப்புகளையும் சரிபார்க்க முடிந்தது. நிலைகளையும் மாற்றங்களையும் படமாக வரையும் பக்கத்தில், டேவிட் ஹாரெல் 1987இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் முறை, நிலைக்குள் நிலை, ஒரே நேரத்தில் ஓடும் நிலைகள் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்து, சுவர் அளவு படத்தை ஒரு தாளுக்குள் அடக்கியது. விமானம் ஒன்றின் மின்னணு அமைப்பை விவரிக்கப் பொறியாளர்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்த முறை அது.

இவை இரண்டையும்விட இடைமுகப் பணியில் கைகொடுப்பது சுருக்கம். பம்பின் வேகம் 347ஆ 348ஆ என்பது ‘புலத்தின் பெயர் தெரிகிறதா’ என்ற கேள்விக்குத் தேவையில்லை. சுழியம், இடைப்பட்டது, உச்சம் என்ற மூன்றே மதிப்புகள் போதும். 40 லட்சம் நிலைகள் 36 ஆகிவிடும். எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கப் பயனரின் கண் எதை வேறுபடுத்துகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால், இதுவும் வடிவமைப்பாளரின் துணையின்றி நடப்பதில்லை.

கேள்வி: இயந்திரத்தைச் சமன்பாடாக எழுதலாம், மனிதரை எப்படி எழுதுவது? மனிதர் மறப்பார், அவசரப்படுவார், தவறாக நினைப்பார்.

பதில்: மனிதரை முழுமையாக எழுத முடியாது, அப்படி முயன்றவர்களின் மாதிரிகள் எனக்கு நம்பிக்கை தரவில்லை. ஆனால் மனிதர் செய்யும் குறிப்பிட்ட சில தவறுகள் மிக ஒழுங்கானவை. அவற்றை எழுத முடியும்.

பணம் எடுக்கும் இயந்திரம் முதலில் பணத்தையும் பிறகு அட்டையையும் தந்தால், பலர் அட்டையை விட்டுவிட்டுப் போவார்கள். வந்த நோக்கம் நிறைவேறியவுடன் மனம் அந்த வேலையை மூடிவிடுகிறது. எஞ்சிய படி நினைவிலிருந்து நழுவுகிறது. எச்சரிக்கைப் பலகை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ‘நோக்கம் கைகூடியதும் எந்தக் கணத்திலும் விலகிச் செல்லக்கூடியவர்’ என்ற ஒற்றை விதியைக் கொண்ட ஒரு பயனரை மாதிரியாக எழுதி, இயந்திரத்தின் மாதிரியோடு சேர்த்து ஓடவிட்டு, “பயனர் விலகிய பின் அட்டை உள்ளே கிடக்கும் நிலை உண்டா?” என்று கேட்டால் போதும். பால் கர்சன், ஆன் பிளாண்ட்ஃபோர்ட் ஆகியோரின் ஆய்வுகள் இந்த வழியில் சென்றவை. அட்டையை முதலில் தரும் வடிவமைப்பில் அந்த நிலையை எட்ட முடியாது என்பதை நிறுவவும் செய்யலாம்.

இன்னொரு வகை, தவறாக நினைத்தல். 1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரை நெருங்கிக்கொண்டிருந்த ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று மலையில் மோதி, அதில் இருந்த 96 பேரில் 87 பேர் இறந்தனர். விமானம் இறங்கும் விதத்தைக் குறிக்க இரண்டு மோட்கள், அதாவது இயங்கும் முறைகள், இருந்தன: ஒன்று கோணம், மற்றொன்று நிமிடத்துக்கு இத்தனை அடி என்னும் வேகம். எண்ணைச் சுழற்றி அமைக்கும் குமிழ் இரண்டுக்கும் ஒன்றே. 3.3 பாகைக் கோணம் என்று எண்ணி அமைத்தது, 3,300 அடி வேகமாகப் பொருள்கொள்ளப்பட்டிருக்கலாம் என்பதை விசாரணைக் குழு மிகவும் சாத்தியமான விளக்கங்களுள் ஒன்றாகக் கருதியது. ஒன்றைத் திரை 3.3 என்றும் மற்றதை 33 என்றும் காட்டிற்று. வேறுபாடு ஒரு புள்ளி. பின்னர் வேகத்தை நான்கு இலக்கங்களில் காட்டும்படி திரை மாற்றப்பட்டது.

இத்தகைய மோட் குழப்பத்தைத் தேடும் முறையை ஆசாஃப் டெகானியும் மைக்கேல் ஹைமனும் 2002இல் தெளிவாக வகுத்தார்கள். இயந்திரம் உண்மையில் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஒரு மாதிரி. பயிற்சியும் கையேடும் பயனர் மனத்தில் ஏற்படுத்தியிருக்கும் எண்ணத்துக்கு ஒரு மாதிரி. இரண்டுக்கும் இடையே திரை. இரு மாதிரிகளையும் ஒரே பொத்தான்களால் ஒருங்கே ஓடவிட்டு, பயனரின் மாதிரி ஒரு மோடிலும் இயந்திரம் வேறொரு மோடிலும் நிற்கும் இணைநிலை எட்டக்கூடியதா என்று தேடுவார்கள். எட்டக்கூடியதாயின், தவறு திரையில் இருக்கலாம், கையேட்டில் இருக்கலாம், இயந்திரத்தின் தேவையற்ற சிக்கலிலும் இருக்கலாம். ஜான் ரஷ்பியும் ஏறத்தாழ அதே காலத்தில், விமானத் தானியக்கத்தில் முன்பே அறியப்பட்டிருந்த ஒரு குழப்பத்தை மாடல் செக்கர் தானாகவே கண்டுபிடிப்பதைக் காட்டினார். ‘பைலட் தவறு’ என்று கோப்பை மூடிவிடுவதைவிட இது நேர்மையான வழி என்று தோன்றுகிறது.

கேள்வி: ‘எளிதாக இருக்க வேண்டும்’ என்று வாடிக்கையாளர் எழுதித் தருகிறார். ‘எளிது’ என்பதையும் இப்படி எழுத முடியுமா?

பதில்: அச்சொல்லை அப்படியே எழுத முடியாது, உடைத்தால் சில துண்டுகள் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 9241 தரநிலை பயன்படுதன்மையைப் பயன்திறம், வினைத்திறம், மனநிறைவு என மூன்றாகப் பிரிக்கிறது. இவற்றுள் வினைத்திறத்தில் ஒரு பகுதியைக் கணக்கிடவும் முடியும். கார்ட், மொரான், நியூவெல் மூவரும் 1980இல் தந்த விசை அழுத்த மாதிரியின்படி, பழகியவருக்கு ஒரு விசைக்கு ஏறத்தாழ 0.2 விநாடி, கையை விசைப்பலகையிலிருந்து மவுசுக்கு நகர்த்த 0.4, ஒன்றைச் சுட்ட 1.1, மனத்தால் ஆயத்தமாக 1.35. மன ஆயத்தத்தையும் சேர்த்தால், ஐந்து விசைகளால் ஆகும் ஒரு வேலைக்கு 2.35 விநாடி, அதையே மவுசுக்குக் கைமாற்றி, சுட்டி, ஒருமுறை அழுத்திச் செய்தால் 3.05. தவறே செய்யாத, நன்கு பழகிய பயனருக்கு மட்டும் இது பொருந்தும். மனநிறைவுக்கு இத்தகைய கணக்கு கிடையாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கேள்வி: சட்டமோ தரநிலையோ இதைக் கட்டாயமாக்கியிருக்கிறதா?

பதில்: கட்டாயம் என்பதைவிட, இடமளித்திருக்கிறது என்பது சரி. விமான மென்பொருளுக்கான டி.ஓ.-178சி வழிகாட்டியோடு 2011இல் வெளிவந்த டி.ஓ.-333 என்னும் இணைப்பு, சில சோதனைகளுக்கு மாற்றாகக் கணித நிறுவலை ஏற்கும் நிபந்தனைகளைக் கூறுகிறது. மருத்துவக் கருவிகளின் பயன்படுதன்மைக்கு ஐ.இ.சி. 62366 என்னும் தரநிலை உண்டு, ஆனால் அது பேசுவது வடிவமைப்பு நடைமுறையைப் பற்றி, நிறுவலைப் பற்றியன்று. மருந்தேற்றும் பம்புகள் தொடர்பாக 2005 முதல் 2009 வரை அமெரிக்க உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு ஏறத்தாழ 56,000 பாதக நிகழ்வு அறிக்கைகள் வந்தன. அதே காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. அத்தனைக்கும் இடைமுகம் காரணமன்று. ஆயினும் அடையாளம் காணப்பட்ட சிக்கல்களுள் மென்பொருளும் பயனர் இடைமுகமும் இருந்தன.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கொண்ட சிறு குழு. இணையச் செயலிகள் செய்கிறோம். கணிதப் பட்டம் யாரிடமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? கணிதத்தால் சரி என்று நிரூபித்துவிட்டால் பயனர் சோதனையைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை ‘கூடாது’ என்பதே. எழுத்து மிகச் சிறியது, சிவப்பும் பச்சையும் ஒருவருக்கு ஒன்றாகத் தெரிகின்றன, ‘சமர்ப்பி’ என்ற சொல் அவருக்கு வேறொரு பொருள் தருகிறது என்பவற்றை எந்த மாதிரியும் சொல்லாது. மாதிரி சரிபார்ப்பது, நாம் எழுதிக் கொடுத்த வாக்கியங்களை மட்டுமே. பயனர் சோதனையில் ஒருவர் தடுமாறும்போது, அதைத் திருத்துவதோடு நில்லாமல், எந்த வாக்கியத்தை எழுத மறந்தோம் என்றும் கேட்டு அதைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அடுத்த பதிப்பில் கணினியே அதைக் காவல் காக்கும்.

இரண்டையும் ஒரே மாதிரியில் நடத்தவும் கருவிகள் வந்துவிட்டன. பி.வி.எஸ்.ஐ.ஓ.-வெப் என்னும் கருவியில், சாதனத்தின் படத்தின் மேல் பொத்தான்கள் இருக்கும் இடங்களைக் குறித்து, அவற்றைக் கணித நிறுவலுக்கான மொழியில் எழுதிய மாதிரியோடு இணைக்கலாம். செவிலியர் படத்தை அழுத்திப் பார்க்கிறார்; பின்னால் ஓடுவது, நிறுவலுக்கு உட்படும் அதே மாதிரி. விமான அறைத் திரைகளுக்குப் பிரான்சின் துலூஸ் நகரத்து ஆய்வாளர்கள், நிலைமாற்றங்களைப் படமாக விவரிக்கும் பெட்ரி வலைகளைக் கொண்டு இதையொத்த வழியில் பணியாற்றிவருகிறார்கள்.

தங்களுக்கு இவை உடனே தேவையில்லை. ஒரே ஒரு சிக்கலான திரையை, எடுத்துக்காட்டாகக் கடவுச்சொல் மாற்றும் திரையையோ பணம் செலுத்தும் திரையையோ, எடுத்துக்கொண்டு ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் நிலைகள்: காலியாக உள்ளது, நிரம்பியது, அனுப்பிக் காத்திருக்கிறது, தோல்வி, வெற்றி. மேலே நிகழ்வுகள்: அனுப்பு, ரத்துசெய், பின் செல், இணைப்பு அறுந்தது, விடை வந்தது, நேரம் கடந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த நிலையையும் திரையில் தெரிவதையும் எழுதுங்கள். இதற்குக் கணிதம் தேவையில்லை. ஒரு பிற்பகல் போதும். அட்டவணை கைக்கு அடங்காதபோது ஸ்டேட்சார்ட்டுக்குச் செல்லலாம். அதை நிரலாகவே எழுத உதவும் எக்ஸ்ஸ்டேட் போன்ற நூலகங்களும், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2015இல் பரிந்துரைத்த எஸ்.சி.எக்ஸ்.எம்.எல். வடிவமும் இருக்கின்றன. அதற்கும் அப்பால் செல்ல விரும்பினால் மாதிரிகளை எழுத உதவும், டேனியல் ஜாக்சனின் அலாய் மொழியைப் பரிந்துரைப்பேன்; சிறிய அளவுக்குள் எல்லாச் சூழல்களையும் அலசி எதிர் எடுத்துக்காட்டைப் படமாக வரைந்து காட்டுவதால், வடிவமைப்பாளர்களுக்கு அது பிற கருவிகளைவிட விரைவில் வசப்படும்.

அட்டவணையில் காலியாக விடப்படும் கட்டங்களை முதலில் பாருங்கள். ‘அனுப்பிக் காத்திருக்கிறது’ என்ற வரிசையில் ‘அனுப்பு’ மீண்டும் அழுத்தப்பட்டால் என்ன ஆகும் என்ற கட்டம் அவற்றுள் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒரே தொகை இருமுறை செலுத்தப்படுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அடுத்து, ‘ரத்துசெய்’ அழுத்திய பிறகு ‘விடை வந்தது’ என்ற நிகழ்வு வந்துசேரும் கட்டம். திரை ரத்தானதாகக் காட்டும், பணம் போயிருக்கும்.